புத்தக லேஅவுட், அட்டை, மெய்ப்பு எல்லாம் வெளியாட்களிடம்: என்ன பேசி வைத்துக்கொள்வது?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. மதுரையில் சின்னதாக ஒரு பதிப்பகம் தொடங்குகிறேன், ஜனவரி சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு மூன்று தலைப்புகள். ஒரு நாவல், ஒரு கட்டுரைத் தொகுப்பு, மலையாளத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு. அலுவலகம் என்று எதுவும் இல்லை, ஆள் வைக்கிற வசதியும் இல்லை. லேஅவுட் என்கிற பக்க அமைப்பு, அட்டை, மெய்ப்பு என்கிற பிழை பார்ப்பது, மொழிபெயர்ப்பு எல்லாமே ஃப்ரீலான்ஸ் ஆட்கள்தான். ஏற்கெனவே இந்தத் துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் "அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதே, வாங்கினவன் போன் எடுக்க மாட்டான்" என்றார். இன்னொருவர் "முதலிலேயே மொத்தமும் கொடுத்துவிடு, அப்போதுதான் உன் வேலையை முதலில் எடுப்பான்" என்றார். இரண்டு பேருமே அனுபவத்தில்தான் சொல்கிறார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது.

பக்கத்துக்கு எவ்வளவு என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, கேட்டதைக் கொடுக்கலாம். மற்றபடி எதை எழுத்தில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்? வேலை கொடுப்பவர்கள், செய்பவர்கள் இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

ஒற்றுக்கொம்பு:

நான் செய்பவன் பக்கம். தமிழ்ப் புத்தக லேஅவுட்தான் முழுநேரத் தொழில், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அட்வான்ஸ் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் சண்டை வருவது அட்வான்ஸில் இல்லை சார். "கையெழுத்துப் பிரதி முடிந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வதற்கும் அது நிஜமாகவே முடிவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் வருகிறது. பெரும்பாலான பதிப்பாளர்கள் வேர்டு கோப்பை அனுப்பும்போது எழுத்தாளர் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். லேஅவுட் பிடிஎஃப் ஆகக் கைக்கு வந்ததும், புத்தகம் மாதிரி கண்ணுக்குத் தெரிந்ததும், அவருக்குப் புது உற்சாகம் வந்துவிடும். அப்போதுதான் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பாட்டி செத்திருக்கக் கூடாது என்று தோன்றும்.

எப்படி வரும் தெரியுமா அந்தத் திருத்தங்கள்? ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில். பிரிண்ட் எடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் சுழித்து, அதைச் சாய்வாக ஒரு போட்டோ. கூடவே ஒரு வாய்ஸ் நோட், "87ஆம் பக்கம் மூன்றாவது பத்தியில் 'அவர்' வருகிறதே, அதை 'அவன்' ஆக்கிவிடுங்கள்." 87ஐத் திறந்தால் அந்தப் பத்தியே அங்கே இல்லை. அவர் கையில் இருப்பது முதல் மெய்ப்புப் பிரதி, நான் இரண்டாவதில் இருக்கிறேன், நடுவில் ஒரு முன்னுரை சேர்ந்து எல்லாம் இரண்டு பக்கம் தள்ளிப் போய்விட்டது. தேடிப் பிடித்து மாற்றினால் அதே பத்திக்கு மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்து வேறொரு திருத்தம் மின்னஞ்சலில் காத்திருக்கும். இருவருக்கும் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது.

அதனால் என் நிபந்தனைகள் இவை. மெய்ப்பு லேஅவுட்டுக்கு முன்னாலேயே, வேர்டிலேயே ஒரு முறை முழுசாக முடிந்திருக்க வேண்டும். லேஅவுட்டுக்குப் பிறகு இரண்டு சுற்றுத் திருத்தம் என் கூலிக்குள் அடக்கம். ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய திருத்தமும் ஒரே பிடிஎஃப்பில், கமென்ட் போட்டு, ஒரே ஆள் மூலமாக, ஒரே தடவையில் வர வேண்டும். அந்த ஒரே ஆள் எழுத்தாளராக இருக்கக் கூடாது என்பது என் தனிப்பட்ட விருப்பம், வற்புறுத்த மாட்டேன். என் கையால் வந்த பிழை, அதாவது வரி விட்டுப்போனது, எழுத்து உடைந்தது, தலைப்பு தவறான இடத்தில் விழுந்தது, இதெல்லாம் எத்தனை சுற்று ஆனாலும் காசு கேட்காமல் சரி செய்வேன். ஆசிரியர் புதிதாக எழுதுவது வேறு, அதற்குத் தனிக் கூலி, முன்னாலேயே சொல்லிய விகிதத்தில்.

பணம் மூன்றாக: தொடங்கும்போது ஒரு பங்கு, முதல் முழு பிடிஎஃப் கைக்கு வந்ததும் ஒரு பங்கு, அச்சகத்துக்குப் போகும் கோப்பு கொடுக்கும்போது மீதி. மொத்தமும் முன்னால் வாங்குவது எனக்கே பிடிக்காது, அப்புறம் அந்த வேலையில் எனக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை என்ற அலுப்பு வந்துவிடும், மனித சுபாவம்.

சிவகாசி_மை:

அச்சகத்திலிருந்து ஒரு பார்வை. "இரண்டு பக்கம்தானே கூடியிருக்கிறது" என்று சொல்லும் பதிப்பாளர்களுக்காக இது.

டெமி என்ற புத்தக அளவில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள், என்றால் 16 பக்கம். 240 பக்கப் புத்தகம் சரியாக 15 ஃபாரம், வெட்டு இல்லை, மிச்சம் இல்லை. கடைசி நேரத்தில் நன்றியுரை, பின்னிணைப்பு என்று சேர்த்து 246 ஆக்கினால் அந்த ஆறு பக்கத்துக்கு இன்னொரு அரை ஃபாரம் ஓட்ட வேண்டும், தாள் கணக்கு மாறும், இரண்டு பக்கம் வெள்ளையாக நிற்கும். அதைவிடப் பெரிய தலைவலி முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவில் இருக்கும் பட்டை. அட்டை வடிவமைப்பவர் முதுகின் அகலத்தைப் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் வைத்துத்தான் போடுகிறார். பக்கம் கூடினாலோ, 70 ஜிஎஸ்எம் தாளை 80 என்று நீங்கள் மாற்றினாலோ, முதுகில் இருக்கும் தலைப்பு ஓரத்துக்கு ஒதுங்கிப்போகும். அப்போது அட்டைக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அவர் அதற்குள் வேறு வேலையில் இருப்பார், நீங்கள் அவரைத் திட்டுவீர்கள்.

அட்டையை முன்னாலேயே பேஸ்புக்கில் போட முன்பக்கம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகும் பின்னட்டையும் பக்க எண்ணிக்கை உறுதியான பிறகு. இதை அட்டைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவரும் அப்படியே நேரம் ஒதுக்கிக்கொள்வார். முதுகு எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சகத்தைக் கேளுங்கள், உத்தேசமாகப் போடச் சொல்லாதீர்கள்.

டிஜிட்டலில் நூறு பிரதி மட்டும் எடுப்பவர்களுக்கு ஃபாரம் கணக்கு இவ்வளவு இறுக்கமில்லை. முதுகுக் கணக்கு அங்கேயும் அப்படியேதான்.

கடைசிப்பக்கம்:

எல்லாம் சரி, ஒற்றுக்கொம்பு சொல்வதைப் பார்த்தால் தப்பெல்லாம் பதிப்பாளர் மேல்தான் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. நானும் பல வருடமாகச் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். நவம்பர் வந்தால் லேஅவுட் செய்கிறவர்கள் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பதிப்பகத்தின் வேலையை ஒத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் "டிசம்பர் பத்துக்குள் தந்துடறேன் சார்". டிசம்பர் பத்தாம் தேதி போனை எடுப்பதில்லை. பெரிய பதிப்பகத்தின் முப்பது தலைப்பு முன்னால் போகும், என் ஒரு கவிதைத் தொகுப்பு பின்னால் நிற்கும். ஒரு தடவை வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, விழா அன்று காலைதான் புத்தகம் பைண்டிங்கிலிருந்து வந்தது, பசை காயவில்லை. மேடையில் சிறப்பு விருந்தினர் விரித்துப் பிடித்து போட்டோவுக்கு நின்றபோது முதல் நான்கு தாள் கையோடு வந்துவிட்டது.

எழுதி வைத்த ஒப்பந்தமெல்லாம் அந்த நேரத்தில் சோறு போடாது.

ஒற்றுக்கொம்பு:

கடைசிப்பக்கம் அண்ணா, நீங்கள் சொல்வது நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் டிசம்பரில் பொய் சொல்கிறார்கள். ஏன் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வருடத்தில் பாதி வருமானம் அந்த மூன்று மாதத்தில் வருகிறது, மற்ற மாதங்களில் யாரும் வேலை தருவதில்லை. செப்டம்பரில் "அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லி இடம் பிடித்துவைக்கும் பதிப்பாளர் நவம்பர் கடைசியில்தான் கோப்பு அனுப்புகிறார். ஐந்து பேருக்கு இடம் கொடுத்தால் இரண்டு பேராவது அப்படி வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு நாங்கள் ஏழு பேருக்குச் சொல்கிறோம். எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் கதை கந்தல்.

இதற்கு நான் செய்வது: இடம் பிடிக்கத் தேதியும் பணமும் சேர்ந்து வர வேண்டும். "அக்டோபர் 20க்குள் முடிந்த கோப்பு வந்தால் நவம்பர் 10க்குள் முதல் மெய்ப்பு. 20க்குப் பிறகு எத்தனை நாள் தள்ளினாலும் என் தேதி அதே அளவு தள்ளாது, வரிசையில் கடைசிக்குப் போகும்." இதை எழுதி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் அட்வான்ஸ் வாங்குவேன். கொஞ்சம் கறாராகத் தெரியும். ஆனால் இப்படிச் சொன்ன பிறகு என்னிடம் வருபவர்கள் தேதிக்கு அனுப்புகிறார்கள், நானும் தேதிக்குக் கொடுக்க முடிகிறது.

வைகைக்கரை சார், இதிலிருந்து உங்களுக்கு ஒன்று. யாரிடம் கொடுக்கப் போகிறீர்களோ அவரிடம் "இந்த சீசனில் வேறு எத்தனை புத்தகம் கையில் இருக்கிறது" என்று நேராகவே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டதும் மழுப்பினால் அதுவே பதில்.

யாழ்ப்பனை:

இங்கே யாழ்ப்பாணத்தில் எங்கட சிக்கல் எழுத்துருவில்தான் தொடங்கும். எழுத்தாளர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதித் தருவார்கள், சென்னையில் லேஅவுட் செய்பவர் வானவில் என்ற வேறொன்றை வைத்திருப்பார், மின்னூலுக்கு எல்லாக் கருவியிலும் ஓடும் யுனிகோடு வேண்டும். மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றின பிறகு வடிவாகப் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் கடைசித் துண்டுக்கு 'ள' எழுத்தைத்தான் அடிப்பார்கள், மாற்றினால் அது தனி ளகரமாகவே நின்றுவிடும். கால் (ா) போட வேண்டிய இடத்தில் ரகரம் அடித்திருப்பார்கள், தாளில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் மறைந்துபோகும்.

இந்த மாற்றும் வேலை யாருடையது என்று பேசாமல் விட்டால், அது லேஅவுட்காரர் தலையில் விழும், அவர் அதை மெய்ப்புப் பார்ப்பவர் தலையில் போடுவார். நான் இப்போது அதைத் தனி வேலையாகவே கணக்கு வைத்து, தட்டெழுதியவரிடமே கொடுத்து, அதற்கென்று காசு கொடுத்துவிடுகிறேன்.

வைகைக்கரை:

யாழ்ப்பனை, இது என் தலையில் ஏறவே இல்லை இதுவரை, நன்றி. கட்டுரைத் தொகுப்பில் பாதி பழைய எழுத்துருவில்தான் இருக்கிறது. ஒற்றுக்கொம்பு, எந்த மென்பொருளில் செய்கிறார் என்று நான் கேட்க வேண்டுமா, அல்லது அது அவர் பாடா?

ஒற்றுக்கொம்பு:

கட்டாயம் கேளுங்கள். இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் செய்பவர்கள் இருக்கிறார்கள், கை வேகமானவர்கள், அச்சில் அழகாகவே வரும். ஆனால் 2001க்குப் பிறகு அதற்குப் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை, யுனிகோடு அதில் ஓடாது. கிண்டிலில் தமிழ் 2016இலேயே வந்துவிட்டது, நீங்கள் மின்னூலும் போடுவதாக இருந்தால் அச்சுக்குச் செய்த திருத்தங்கள் எல்லாம் பழைய எழுத்துருவில் மாட்டிக்கொள்ளும், திரும்ப மாற்றி, திரும்ப மெய்ப்பு. இன்டிசைன் என்றால் யுனிகோடில் செய்யலாம், அதிலும் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் தேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். அது அவர் பாடு, நீங்கள் மாதிரிக்கு நான்கு பக்கம் வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது வேறு: கடைசியில் என்ன கைக்கு வரும்? வெறும் பிடிஎஃப் மட்டுமா, மூலக்கோப்புமா? இரண்டாம் பதிப்புக்கு ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்டிசைனில் 'பேக்கேஜ்' என்று ஒரு வசதி இருக்கிறது, மூலக்கோப்பு, படங்கள், எழுத்துருக்கள், பழைய பதிப்புகளிலும் திறக்கும் ஐடிஎம்எல் கோப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுக் கொடுத்துவிடும். சிலர் மூலக்கோப்பு தர மாட்டார்கள், சிலர் கூடுதல் காசு கேட்பார்கள். இரண்டிலும் தப்பில்லை, ஆனால் அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து அவருடைய ஹார்டு டிஸ்க் போன பிறகு கேட்டு என்ன பயன்?

இருகரை:

மொழிபெயர்ப்பாளர் பக்கம் யாரும் பேசவில்லையே என்று வந்தேன். சார், அந்த மலையாள நூல் விஷயத்தில் இரண்டு ஒப்பந்தம் வேண்டும் உங்களுக்கு. மூல ஆசிரியரிடமோ அவருடைய பதிப்பாளரிடமோ தமிழ் உரிமை. அது தவிர, மொழிபெயர்ப்பவரிடம் தனியாக.

பலர் நினைப்பது, நான் காசு கொடுத்துச் செய்யச் சொன்னேன், ஆகவே மொழிபெயர்ப்பு என்னுடையது என்று. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதினால் முதலாளிக்கு. வெளியாளாக எழுதித் தந்தால் எழுதியவரே முதல் உரிமையாளர். அவர் உங்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது உங்களுடையது. அதிலும் எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருடம் பயன்படுத்தாமல் விட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி. சிங்கப்பூர், கனடா எல்லாம் விற்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஓவியத்துக்கு நேர்மாறு. காசு கொடுத்து ஓவியமோ போட்டோவோ செய்யச் சொன்னால், வேறு பேச்சு இல்லாத பட்சத்தில் சொன்னவருக்குத்தான் உரிமை. கணினியில் செய்யும் அட்டை வடிவமைப்பு இந்த 'ஓவியம்' கணக்கில் வருமா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடலாம், நீங்கள் இரண்டு வரி எழுதி வாங்கிவிட்டால் வாதமே வேண்டாம்.

இன்னொன்று, காசைவிட எனக்கு முக்கியமானது: மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்கே வரும்? முன்னட்டையிலா, உள்ளே நான்காம் பக்கத்தில் எறும்பு எழுத்திலா? படைத்தவர் என்று உரிமை கோருவது 57ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தில், எந்த அளவில் என்பது பேசினால்தான் உண்டு. பேசுங்கள்.

கடைசிப்பக்கம்:

இருகரை அம்மா சொல்வதை வழிமொழிகிறேன், இதில் எங்கள் ஆட்கள் மோசம்தான்.

ஆனால் பணம் பற்றி ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். "கண்காட்சி முடிந்ததும் தருகிறேன்" என்று பதிப்பாளர் சொல்வது எப்போதும் ஏமாற்று இல்லை. கையில் இருந்ததையெல்லாம் தாளுக்கும் அச்சுக்கும் கொடுத்துவிட்டு நிற்கிறான். ஜனவரியில் கல்லாவில் விழுந்தால்தான் பிப்ரவரியில் கொடுக்க முடியும்.

ஊருக்குக்_கணக்கன்:

அண்ணே, தாள்காரர் கடனுக்குத் தர மாட்டார், அதனால் லேஅவுட்காரரிடம் கடன் வாங்குகிறீர்கள். அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்.

கோபிக்காமல் இதைக் கேளுங்கள். ஃப்ரீலான்ஸ் ஆட்கள் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளலாம், இணையத்தில் இலவசம். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு எழுத்தில் எந்தத் தவணை போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டியாக. வேலை தொடங்குவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் சிக்கல். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுத்து முடிக்கும் வருடம் வரை வாங்கியவர் தன் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் திடீரென்று "பாக்கியெல்லாம் கொடுத்துவிடுங்கள்" என்று அலறுவது இதனால்தான்.

இதற்காகச் சின்னப் பதிப்பாளர் மேல் கேஸ் போடச் சொல்லவில்லை. நடைமுறையில் யாரும் போடுவதும் இல்லை, அடுத்த வருடம் வேலை வேண்டுமே. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து வைத்தாலே சில இடங்களில் பணம் சீக்கிரம் வருகிறது என்பது மட்டும் நான் பார்த்தது.

ஜிஎஸ்டி: சேவைக்கு வருடத்தில் 20 லட்சம் தாண்டாதவரை பதிவு தேவையில்லை, வேறு மாநிலத்துக்குச் செய்தாலும் அப்படித்தான். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி: வைகைக்கரை இப்போதுதான் தனிநபராகத் தொடங்குகிறார், முந்தைய வருட விற்பனை ஒரு கோடியைத் தாண்டாதவரை இந்தப் பில்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை. கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ பதிந்தால் கதை வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

யாழ்ப்பனை:

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. எங்கள் நூல்களுக்குப் பல தடவை காசு கட்டுவது கனடாவில் இருக்கும் அண்ணன்மார்தான். பேபால் இந்தியாவுக்குள்ளே இருந்து இந்தியாவுக்கு அனுப்புவதை 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது, வெளியிலிருந்து அனுப்பலாம். ஆனால் கட்டணமும் நாணய மாற்றும் சேர்ந்து வெட்டும் தொகை யாருடையது என்று முதலே கதைத்துவிடுங்கோ. அனுப்பினவர் முழுசாக அனுப்பினேன் என்பார், கிடைத்தவர் குறைகிறது என்பார், இருவரும் சொல்வது சரிதான்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. லேஅவுட் நண்பருக்கு அனுப்ப இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"நாவல், டெமி, உத்தேசம் 240 பக்கம். யுனிகோடில், மெய்ப்பு முடிந்த வேர்டு கோப்பை அக்டோபர் 15க்குள் நான் தருவேன். நவம்பர் 5க்குள் முழு பிடிஎஃப் நீங்கள் தருவீர்கள். நியாயமான திருத்தங்கள் கூலிக்குள் அடக்கம். திருத்தங்கள் என் மூலமாக மட்டுமே வரும். முடிவில் அச்சுக்கான பிடிஎஃப்பும் பேக்கேஜ் ஃபோல்டரும் தர வேண்டும். பணம் மூன்று தவணை, கடைசித் தவணை புத்தகம் அச்சாகி வந்ததும்."

ஒற்றுக்கொம்பு:

இரண்டு இடம் மாற்றுங்கள் சார். "நியாயமான திருத்தங்கள்" வேண்டாம், யாருடைய நியாயம் என்று டிசம்பரில் உட்கார்ந்து பேச வேண்டி வரும். "இரண்டு சுற்று, அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு" என்று எண்ணைப் போடுங்கள். கடைசித் தவணையை "அச்சாகி வந்ததும்" என்று வைக்காதீர்கள். அச்சகம் தாமதம் செய்தால், நீங்களே மனம் மாறி அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தால், லேஅவுட் செய்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்? அச்சுக்கான கோப்பு கைக்கு வந்த ஏழு நாளில் என்று வையுங்கள். அச்சகத்தில் ஏதாவது கோப்பில் பிழை என்று திருப்பி அனுப்பினால் அதைச் சரிசெய்து தருவது அவர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் உங்களுக்கும் பயமில்லை.

சிவகாசி_மை:

கூடவே, அச்சகம் எது என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். ஓரத்தில் வெட்டிப்போக எவ்வளவு இடம் விட வேண்டும், படங்கள் எந்த நிற அமைப்பில் வேண்டும் என்று லேஅவுட்காரர் நேரடியாக எங்களையே போனில் கேட்டுக்கொள்வார், நடுவில் நீங்கள் தூது போக வேண்டாம்.